குட்டையானவர்களும் ஏறலாம்!

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் ஆசை தீரக் குளிப்பார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள், பிறகு மலையை அண்ணாந்து பார்த்து, "அந்தப் பாறையில் ஏறினால் எப்படி இருக்கும்!" என்று பெருமூச்சு விடுவார்கள். ஆசை தப்பில்லை, இடம்தான் தப்பு. பாசி படிந்த ஈரப் பாறை கெட்டிக்காரர், அசடு என்று பார்ப்பதில்லை. எல்லோரையும் வழுக்கித் தள்ளிவிடும். மலைமேல் பெய்யும் மழையோ கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு போய்விட்டது.

ஏறும் ஆசை உள்ளவர்களுக்கென்றே கட்டடங்களுக்குள் ஏறுசுவர்கள் வந்திருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் அவற்றைப் பார்க்கலாம். செங்குத்தான சுவர், அதில் கையும் காலும் பற்றிக்கொள்ளப் பல வர்ணப் பிடிகள், கீழே தடித்த மெத்தை. உயரமான சுவரானால் இடுப்பில் பட்டையும் கயிறும் உண்டு.

"நான் குட்டை, எனக்கு எட்டாது" என்பாள் ஒருத்தி. "என் கனத்துக்குச் சுவரே சாய்ந்துவிடும்" என்பாள் இன்னொருத்தி. "என் கை குச்சி போல் இருக்கிறதே" என்பாள் மூன்றாமவள். மூன்று பேரும் ஏறலாம். ஆனால் ஒருத்தி ஏறுகிற மாதிரியே மற்றவளும் ஏறவேண்டும் என்று நினைத்தால்தான் வம்பு.

முதலில் எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று. தென்காசியிலிருந்து கிழக்கே போனால் பனைமரங்கள் கண்ணில் படும். பனையேறி எப்படி ஏறுகிறார்? இரு பாதங்களையும் தளைநாரால் இணைத்துக்கொண்டு, முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்து, மரத்தைப் பாதங்களால் கவ்வி உந்துகிறார். கைகள் மரத்தை அணைத்துக்கொள்கின்றன. உடம்பை மேலே தூக்குவது கால்கள். புதிதாக ஏறுசுவருக்கு வருகிறவர்களோ கையால் இழுத்து இழுத்து, ஐந்தே நிமிஷத்தில் களைத்துப் போகிறார்கள்.

இன்னொன்று. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்தால் சுலபமாகச் சுமக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்! சுவரிலும் அப்படித்தான். இடுப்பு சுவரைவிட்டு எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு பாரம் விரல்களில் வந்து சேரும்.

இனி அவரவர் உடல்வாகைப் பார்ப்போம்.

குட்டையானவர்கள், கை எட்டவில்லையே என்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஒரு பிடியில் வைத்து, அதன்மேல் எழுந்து நின்றால் எட்டாததும் எட்டும். இடையில் உள்ள சின்னப் பிடிகளையும் விடக்கூடாது. சிறிய விரல்கள் சிறிய பிடியில் நன்றாகப் பதியும். நெட்டையருக்குக் கிட்டாத பாக்கியம் அது!

உயரமானவர்களுக்குக் கை நீளம் பெரிய வரம். ஆனால் மடங்கி ஒடுங்கவேண்டிய இடத்தில் நீண்ட காலே தொந்தரவாகிவிடும். அங்கே ஒரு முழங்காலை உள்பக்கம் திருப்பி, இடுப்பைப் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டவேண்டும்.

பருமனானவர்கள், ஏறுகிறவர் பக்கமாகக் கவிழ்ந்த சுவரை முதலில் நாட வேண்டாம். அப்பால் சாய்ந்த சுவரில் பாரத்தைக் கால்கள் ஏற்றுக்கொள்ளும். கையை மடக்காமல் நீட்டித் தொங்கினால் தசைகள் சீக்கிரம் களைக்காது. இறங்கும்போது குதிக்காமல் பிடி பிடியாக இறங்கினால் முழங்காலுக்கு நல்லது.

ஒல்லியானவர்களுக்கு உடம்பு லேசு. ஆகவே வேகமாக முன்னேறுவார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. தசை பலப்படுவதைவிட விரல் நரம்புநார்கள் பலப்பட அதிக நாளாகும். தினமும் ஏறாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறுவது உத்தமம்.

இவ்வளவு சொன்னாலும், உடல்வாகால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஜப்பானின் ஐ மோரி ஏறினாள். உயரம் 154 சென்டிமீட்டர்தான். ஒரு சுவரில் தொடக்கப் பிடியே அவளுக்கு எட்டவில்லை. தாவித் தாவிப் பார்த்தும் பயனில்லை. அதற்கு மதிப்பெண் பூஜ்யம். சுவர் அமைத்தது நியாயமா என்று பலர் கேட்டார்கள். ஆனால் பிறகு கயிறு கட்டி ஏறும் உயரமான சுவரில், எட்டுப் பேரில் அவளே முதலாவதாக வந்தாள்! மொத்தத்தில் நான்காம் இடம். தங்கம் பெற்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டும் 164 சென்டிமீட்டர்தான். ஒன்றும் பனைமர உயரமில்லை.

புறப்படுமுன் சில விஷயங்கள். புடவை இதற்கு உதவாது. தளர்ந்த கால்சட்டையோ சல்வாரோ போதும். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரம் பிடியில் மாட்டினால் விரலுக்கே ஆபத்து. பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கயிற்று முடிச்சை ஏறுமுன் பயிற்சியாளர் ஒருமுறை பார்க்கட்டும்.

"என் உயரத்துக்கு இது சரிப்படாது அம்மா" என்று உங்கள் பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், அவள் உயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "காலை எங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள்.