தெருவோவியத்தை யாருக்காகக் காப்பாற்றுகிறோம்?

2016 மார்ச்சில் இத்தாலியின் பொலோன்யா நகரில், ப்ளூ என்ற புனைபெயரில் வரையும் ஓவியர் ஒருவர், இருபது ஆண்டுகளாக அந்த ஊர்ச் சுவர்களில் தாம் வரைந்த படங்களைத் தாமே அழித்தார். நண்பர்களும் ஊர் இளைஞர்களும் கைகொடுத்தார்கள். மாடி உயரச் சுவர்களின் மேலெல்லாம் ரோலரால் சாம்பல் நிற பெயிண்டைப் பூசி மூடினார்கள்.

அடுத்த வாரம் அந்நகரின் பெப்போலி மாளிகையில் தெருவோவியக் கண்காட்சி ஒன்று திறக்கவிருந்தது. அதில் வைப்பதற்காக, கைவிடப்பட்ட தொழிற்சாலைச் சுவர்களிலிருந்து ப்ளூவின் ஓவியங்களைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அவரிடம் சம்மதம் வாங்கவில்லை. தெருவில் போவோர் வருவோர் எல்லாம் இலவசமாகப் பார்த்த படம், டிக்கெட் வாங்குபவர் மட்டும் பார்க்கும் பொருளாக மாறுகிறது என்பதுதான் அவருடைய கோபம்.

சுவரிலிருந்து ஓவியத்தை எப்படிப் பெயர்ப்பது? இத்தாலியில் ஸ்ட்ராப்போ என்ற பழைய முறை இருக்கிறது. படத்தின் மேல் விலங்குப் பசையைத் தடவி மெல்லிய துணியை ஒட்டுவார்கள். பசை காயக் காயச் சுருங்கி, வண்ணப் படலத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு ஓரத்திலிருந்து துணியை உரித்தால் வண்ணமும் அதோடு வந்துவிடும். அதன் பின்புறத்தில் புதுத் துணியை ஒட்டி, முன்புறத் துணியை வெந்நீரால் இளக்கி எடுப்பார்கள். இந்த முறையைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது 1944ல் குண்டு விழுந்து தீப்பிடித்த பீசா நகரக் கல்லறை மண்டபத்தின் பழம்பெரும் சுவரோவியங்களில் பலவற்றை இப்படிப் பெயர்த்துத்தான் காப்பாற்றினார்கள்.

கண்காட்சி நடத்தியவர்களும் இதையே சொன்னார்கள்: கட்டடம் இடிபட்டால் ஓவியமும் மண்ணோடு மண்ணாகும், எடுத்து வைப்பதே மேல். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பீசாவில் வரைந்தவர்கள் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ப்ளூ உயிரோடு, அதே நாட்டில் இருந்தார். கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுத்ததை, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்திருந்தாலும், பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தெருவோவியத்தில் சுவரும் பாதி ஓவியம். எதிரே என்ன கடை, யார் குடியிருக்கிறார்கள், எந்தச் சண்டையின் நடுவே அது வரையப்பட்டது என்பதெல்லாம் சேர்ந்துதான் படத்துக்குப் பொருள் தருகிறது. பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் ப்ளூ வரைந்த இரண்டு பெரிய ஓவியங்கள் அந்த வட்டாரத்துக்கே அடையாளமாகியிருந்தன. அந்தக் கவர்ச்சியே நிலத்தின் மதிப்பை ஏற்றவும் உதவுகிறது என்று கண்டபோது, 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு அவற்றைக் கறுப்பு பெயிண்டால் மூடினார்கள். வரைந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அழித்ததும் அந்த ஓவியத்தின் ஒரு பகுதிதான்.

வரைந்தவர் இல்லாதபோது சிக்கல் கூடுகிறது. அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1984ல் மெல்பர்னின் காலிங்வுட் பகுதியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளிச் சுவரில் வரைந்தார், 1990ல் இறந்தார். ஆண்டுக்கணக்கான வெயிலில் வண்ணம் வெளிறியது. புதிதாக மேலே பூசிவிடலாம் என்றது ஒரு தரப்பு. அப்படிச் செய்தால் அவர் கை இழுத்த கோடு போய்விடும், அச்சு அசலான நகல்தான் மிஞ்சும் என்றது இன்னொரு தரப்பு. 2013ல் இத்தாலிய வல்லுநர் அந்தோனியோ ராவா, முழுவதும் புதிதாகப் பூசாமல், இருப்பதையே செப்பனிட்டார். பளபளப்பு குறைந்தாலும் ஹேரிங்கின் கோடு மிஞ்சட்டும் என்பதே என் கட்சியும்.

சட்டம் என்ன சொல்கிறது? சுவர் வீட்டுக்காரருடையது, ஆனால் படத்தின் மேல் ஓவியருக்கும் உரிமை உண்டு என்கிறது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம். நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளரின் அனுமதியோடே பல ஆண்டுகள் ஓவியர்கள் வரைந்து வந்தார்கள். 2013 நவம்பரில் அவர் இரவோடு இரவாக எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். 2018ல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. தற்காலிக ஓவியத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

அந்தக் கட்டடம் இடிபடப்போவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இடிக்கும் அனுமதி வரும்வரை உரிமையாளர் பொறுத்திருந்தால், வேண்டுமென்றே செய்தார் என்று தீர்ப்பளித்திருக்க மாட்டேன் என்று நீதிபதியே சொன்னார். ஓவியர்கள் இழந்தது அந்த அவகாசத்தை. அது கிடைத்திருந்தால், எடுத்துச் செல்லக்கூடியதை எடுத்திருப்பார்கள். மற்றதை, எதிர்த் தெருவும் ஆட்களும் தெரியும்படி தள்ளி நின்று ஒரு முறையும், தூரிகைத் தடமும் ஸ்ப்ரே வழிந்த கோடும் தெரியும்படி நெருங்கி ஒரு முறையும் படமெடுத்திருக்கலாம். எந்த பெயிண்ட், எந்த வருடம், யார் கேட்டு வரைந்தது என்று ஓவியரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்துக் குறித்துக்கொண்டிருக்கலாம். இதற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லை, செலவும் சொற்பம்.