பொன் வைக்கும் இடத்தில்

நகைக்கடையில் ஒரு சங்கிலியை வாங்கும்போது என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று பார்க்கிறார். அந்த எடையை அன்றைய தங்க விலையால் பெருக்குகிறார். அதனுடன் செய்கூலியைச் சேர்த்து விலையைச் சொல்கிறார். சங்கிலியின் கொக்கியருகே 916 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம் என்பது அதன் பொருள். எடையும் தூய்மையும் தெரிந்துவிட்டால் நகையின் மதிப்பே தெரிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அதை வடிவமைத்தவர் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

ஓர் ஓவியத்தை வாங்குபவர், அதில் எத்தனை கிராம் வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று கேட்பாரா? அப்படியானால், நகையை மட்டும் ஏன் எடைபோட்டு மதிக்க வேண்டும்? ஐரோப்பிய நகை வடிவமைப்பாளர்கள் சிலர் இந்தக் கேள்வியை எழுப்பினர். அதற்கான விடையைத் தாங்கள் செய்த நகைகளின் வழியாகவே தேடினர். அவர்களுடைய படைப்புகளைச் சமகால நகைக்கலை என்கிறோம். அவற்றுள் சிலவற்றை இப்போது காண்போம்.

இதற்கான விதை 1900ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் விழுந்தது. அக்காலத்தில் செல்வர்கள் விரும்பிய நகைகளில் வைரமே முதலிடம் பெற்றது. ஆனால், ரெனே லலீக் என்ற கலைஞர் விலங்குகளின் கொம்பு, கண்ணாடி, எனாமல் ஆகியவற்றையும் தம் நகைகளில் பயன்படுத்தினார். தும்பியின் உடலிலிருந்து ஒரு பெண் எழுவதுபோல் அவர் செய்த மார்பணி, இன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் உள்ள குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தங்கமும் வைரமும் உண்டு. ஆயினும், பார்ப்பவரின் நினைவில் நிற்பது அந்தத் தும்பிப்பெண்தான்.

லலீக் விலைமதிப்புள்ள பொருள்களோடு எளிய பொருள்களையும் சேர்த்தார். அடுத்து வந்தவர்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். நெதர்லாந்தைச் சேர்ந்த கெய்ஸ் பாக்கரும் அவருடைய மனைவி எம்மி வான் லீர்சமும் 1967ஆம் ஆண்டில் அலுமினியத்தால் பெரிய கழுத்தணிகளைச் செய்தனர். அவற்றை ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தனர். அவற்றுள் ஒன்று அடுப்பின் புகைபோக்கிக் குழாயை நினைவூட்டியது. பாத்திரத்துக்குப் பயன்படும் உலோகத்தில் நகையா என்று நமக்குத் தோன்றலாம். அலுமினியம் மலிவானது, எடையும் குறைவு. அதனால், தங்கத்தில் செய்தால் சுமக்க முடியாத அளவுக்குப் பெரிய வடிவங்களையும் அதில் செய்ய முடிந்தது. அணிபவரின் செல்வத்தைக் காட்டுவது மட்டும் நகையின் வேலையன்று என்பது அவ்விருவரின் எண்ணம்.

1973ஆம் ஆண்டில் பாக்கர் மேலும் வியப்பான ஒரு சோதனையைச் செய்தார். மெல்லிய தங்கக் கம்பியைக் கையில் இறுக்கமாகச் சுற்றிப் பிறகு கழற்றினால், தோலில் ஒரு தடம் பதியும். கம்பி நகையன்று, அந்தத் தடமே நகை! இறுக்கமான கைக்கடிகாரத்தைக் கழற்றும்போது நம் மணிக்கட்டில் தெரியுமே, அதைப் போன்ற தடந்தான் அது. அதை விற்க முடியாது, திருட முடியாது, அடகு வைக்கவும் முடியாது. சற்று நேரத்தில் அதுவே மறைந்துவிடும். இவ்வகைப் படைப்புகளுக்கு நிழல் நகை என்று பெயர்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய ஓட்டோ கூன்ஸ்லி, 1980ஆம் ஆண்டில் ஒரு வளையலைச் செய்தார. அது வெறும் கறுப்பு ரப்பர் குழாய். அதன் ஓரிடம் மட்டும் சிறிது புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்க உருண்டை இருக்கிறது. ஆனால், அது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. 'தங்கம் கண்ணை மறைக்கும்' என்ற பொருளில் அவர் அதற்குப் பெயரிட்டார்.

இந்த வளையலை அணிபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருப்பது உண்மையிலேயே தங்கமா என்று பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும். அறுத்தால் வளையல் பாழாகிவிடும். அறுக்காவிட்டால், செய்தவரின் சொல்லை நம்ப வேண்டும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது நாம் அறிந்த பழமொழி. மின்னாத ஒன்றுக்குள்ளும் பொன் இருக்கலாம் என்கிறது இந்த வளையல்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1985-86இல், கூன்ஸ்லி ஒரு சங்கிலியைச் செய்தார். அதன் கண்ணிகள் அனைத்தும் பிறர் அணிந்திருந்த பழைய திருமண மோதிரங்கள். மொத்தம் 48 மோதிரங்கள். ஒவ்வொன்றும் ஒருவரின் விரலில் இருந்தது. ஒரு குடும்பத்தின் கதையை அறிந்தது. சிலருக்குத் துணை இறந்திருக்கலாம், சிலர் பிரிந்திருக்கலாம், சிலர் பணத் தேவைக்காக விற்றிருக்கலாம். தராசில் வைத்தால் அது வெறும் தங்கம், அவ்வளவுதான். ஆனால், அதைக் கழுத்தில் அணிந்துகொள்ள உங்களுக்கு மனம் வருமா? வராது என்றால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் தங்கமன்று. அதில் தங்கியிருக்கும் வாழ்க்கை.

எல்லாப் படைப்புகளும் இப்படி மனத்தைக் கனக்கச் செய்பவை அல்ல. நெதர்லாந்துக் கலைஞர் டெட் நோட்டன் 1998ஆம் ஆண்டில் மக்களிடம் சூயிங்கம்மைக் கொடுத்து மென்று அனுப்பச் சொன்னார். அவர்கள் மென்ற வடிவத்தை அப்படியே விலையுயர்ந்த உலோகத்தில் வார்த்து, ஆடையில் குத்திக்கொள்ளும் புரோச்சாக மாற்றினார். அப்படியானால் அந்த நகையை வடிவமைத்தவர் யார்? நோட்டனா, மென்றவரா? 1992ஆம் ஆண்டு முதல் சூயிங்கம் விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள சிங்கப்பூரில் இந்தச் சோதனையை நடத்துவது சற்றுக் கடினந்தான்!

இத்தகைய நகைகளை எப்படி ரசிப்பது? முதன்முறை பார்க்கும்போது, இதில் என்ன இருக்கிறது என்றே பலருக்கும் தோன்றும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது எந்தப் பொருளால் ஆனது? அந்தப் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இதை அணிந்தால் நம் உடலும் மனமும் எதை உணரும்? மியூனிக் நகரில் 1959ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் நகைக் கண்காட்சியில் உலகின் பல நாட்டுக் கலைஞர்களின் படைப்புகள் இடம்பெறுகின்றன. அங்கே செல்ல இயலாதவர்களும் அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் படங்களைக் காணலாம். ஒரு படைப்பு பிடித்துப்போனால், அதைச் செய்தவரின் பெயரைக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். பிறகு அவருடைய மற்றப் படைப்புகளைத் தேடுங்கள். ரசனை இப்படித்தான் வளரும்.

இதனால், தங்கத்தை எடைபார்த்து வாங்குவது தவறு என்று எண்ணிவிட வேண்டா. நம் குடும்பங்களில் நகை என்பது சேமிப்பு. பிள்ளையின் படிப்புக்கோ அவசர மருத்துவச் செலவுக்கோ கைகொடுப்பது அம்மாவின் வளையலாகவே பல நேரங்களில் இருக்கும். அந்தப் பாதுகாப்புக்கு எடை முக்கியம்.

ஆனால், எடை மட்டுமே மதிப்பன்று என்பதும் நமக்குத் தெரியும். பாட்டி விட்டுச்சென்ற சங்கிலியை உருக்கிப் புதிய நகை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நாம் தயங்குகிறோம். தங்கத்தின் எடையில் பெரிய மாற்றம் வராது. என்றாலும் மனம் ஒப்புவதில்லை. தங்கம் வாங்க வசதியில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துத் தாலியாகக் கட்டுவதுண்டு. அதைத் தாலி அன்று என்று யாரும் சொல்வதில்லை.

பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது என்று நம் முன்னோர் சொல்வார்கள். பொன் இல்லாதபோது, அதற்கு ஈடாக அன்போடு ஒரு பூவை வைத்தாலும் போதும் என்பது அதன் கருத்து. பாக்கரும் கூன்ஸ்லியும் நோட்டனும் பொன் வைக்கும் இடத்தில் அலுமினியத்தையும் ரப்பரையும் மென்ற சூயிங்கம்மின் வடிவத்தையும் வைத்துப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய நகையை இன்று எடுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன், இது யாருடையது, யார் செய்தது, எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். தராசு சொல்லாத பலவற்றை அவர் சொல்லக்கூடும்.