பிறர் கவிதைக்காக ஒரு பதவி

அமெரிக்காவின் தேசியக் கவிஞரை அந்நாட்டு அதிபர் நியமிப்பதில்லை. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர்தான் தேர்ந்தெடுக்கிறார். பதவிக்கான அடிப்படை நிதியும் வரிப்பணம் அல்ல. ஆர்ச்சர் ஹண்டிங்டன் என்ற செல்வந்தர் 1936-இல் அளித்த நன்கொடை. 1937 முதல் ‘கவிதை ஆலோசகர்’ என்றிருந்த பொறுப்பு, 1985-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் தேசியக் கவிஞர் பதவியானது. அரசு விழாக்களுக்குப் பாட்டெழுத வேண்டிய கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் ஒரு கவிதை வாசிப்பு, முடிவில் ஓர் உரை. மற்றபடி என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம்.

அரசவைக் கவிஞர் என்றதும் நமக்கு நாமக்கல் கவிஞரும் கண்ணதாசனும் நினைவுக்கு வருவார்கள். அது கவிஞருக்குச் செய்த மரியாதை. அமெரிக்காவில் அந்த மரியாதை மெல்ல மெல்ல ஒரு வேலையாக மாறியது.

மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோசப் பிராட்ஸ்கி. சோவியத் ஒன்றியம் 1972-இல் வெளியேற்றிய கவிஞர். 1991-இல் பொறுப்பேற்றதும், கவிதை நூல்கள் மலிவு விலையில் பல்பொருள் அங்காடியிலும் மருந்துக் கடையிலும் கிடைக்க வேண்டும், விடுதி அறைகளில் வைக்கப்படும் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

1997-இல் வந்த ராபர்ட் பின்ஸ்கி செய்ததுதான் என்னை மிகவும் கவர்கிறது. ‘உங்களுக்குப் பிடித்த கவிதை எது, ஏன்?’ என்று நாட்டு மக்களிடம் கேட்டார். ஒரே நிபந்தனை: அது சொந்தக் கவிதையாக இருக்கக்கூடாது. ஓராண்டில் 18,000 பேர் எழுதினார்கள். ஐந்து வயதுக் குழந்தை முதல் 97 வயது முதியவர் வரை. அவர்களில் சிலரை வைத்து ஐம்பது குறும்படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் ஒரு கட்டுமானத் தொழிலாளி வால்ட் விட்மனின் கவிதையை வாசிக்கிறார். இன்னொன்றில் கம்போடியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை தன் வாழ்க்கையோடு எப்படி ஒட்டுகிறது என்று சொல்கிறாள். பேராசிரியர் யாரும் குறுக்கே வந்து பொருள் விளக்குவதில்லை. கவிதை படிப்பவர்களே அருகிவிட்டார்கள் என்று ஒவ்வொரு தலைமுறையும் புலம்புகிறது. பின்ஸ்கி புலம்பாமல் அவர்களைத் தேடினார், அவர்கள் இருந்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த பில்லி காலின்ஸ் உயர்நிலைப் பள்ளிகளைக் குறிவைத்தார். அங்கே ஆண்டின் பள்ளி நாட்கள் சுமார் 180. நாளுக்கு ஒன்றாக 180 கவிதைகளைத் தொகுத்தார். பள்ளியின் அன்றாட அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்க வேண்டும். விளக்கம் கூடாது, கேள்வி கூடாது. முதல் கேட்பிலேயே பிடிபடும் கவிதைகளாகப் பார்த்தே எடுத்தார். கடினமான கவிதைகளை இப்படி ஒதுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தே கவிதையை வெறுத்துப்போன பிள்ளைகளை நினைத்தால், நான் காலின்ஸ் பக்கமே நிற்பேன்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து, பின்னர் தேசியக் கவிஞரான டெட் கூசர், வாரம் ஒரு சிறு கவிதையும் சில வரி அறிமுகமுமாக ஒரு பத்தியை நாளிதழ்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். அண்மையில் அப்பொறுப்பில் இருந்த ஏடா லிமோன், 2024-இல் ஏழு தேசியப் பூங்காக்களின் உணவு மேசைகளில் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். எல்லாமே மற்ற கவிஞர்கள் எழுதியவை.