பெயர் தெரியாத பூங்கன்று

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றுக்கு டெங்கு சோதனைக்கு வந்தால், பல்கனியில் குனிந்து பூச்சாடிகளின் அடித்தட்டைப் பார்க்காமல் போகமாட்டார். தட்டில் தேங்கிய நீரில் புழு நெளிந்தால் நீதிமன்றம் போகவேண்டி வரலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. "நான் வாடகைக்கு இருக்கிறேன், சாடி பழைய ஆட்கள் விட்டுப்போனது" என்ற பதில் அங்கே எடுபடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சுமையில் பெரியதொரு பங்கு மேல் மாகாணத்தின் மேல் விழுந்தது. நோயைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பாத்திரத்தின் ஈரச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டோம் என்று நாம் ஆறுதலடைவோம். ஒட்டிய முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழைநீர் பட்டதும் பொரிக்கும். அதிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் போதாது, வாரம் ஒருமுறை தும்புத் தூரிகையால் உரசிக் கழுவ வேண்டும். அதைவிட நல்லது, தட்டே வேண்டாம் என்று முடிவெடுப்பது. தரை அழுக்காகும் என்றால் தட்டில் மணலை நிரப்பி, அதன்மேல் சாடியை வையுங்கள்.

கண்ணாடிப் போத்தலில் நீர் விட்டு வளர்க்கும் மணி பிளான்டும், அதிர்ஷ்டம் தரும் என்று வரவேற்பறையில் வைக்கும் லக்கி பேம்பூவும் இதே கணக்கில்தான் வரும். 2001இல் தென்சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் போன லக்கி பேம்பூக் கட்டுகளோடு ஆசியப் புலி நுளம்பும் போய் இறங்கியது. பூச்செடி வியாபாரமே நுளம்புக்கு வாகனமான கதை அது. இவற்றை மண்ணுக்கு மாற்றினால் செடிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. இலைக்குழியில் நீர் பிடித்து வைக்கும் புரோமீலியட் வகைகளை மழை படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

சோதனைக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கையில் தரப்படும் அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அந்த உரிமை செல்லும். என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் எந்தத் தாளிலும் ஒப்பமிட வேண்டாம்.

நுளம்பைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். செடிக்குள்ளேயே இருக்கும் நஞ்சைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. கொழும்பில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பல சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை: மணி பிளான்ட், டிஃபன்பக்கியா, கலேடியம், ஃபிலோடென்ட்ரன், மொன்ஸ்டெரா. கருணைக்கிழங்கு வெட்டும்போது கையில் ஏறும் அரிப்புக்குக் காரணமான அதே கல்சியம் ஒக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. தவழும் குழந்தை டிஃபன்பக்கியா இலையைக் கடித்தால் உதடும் நாக்கும் எரிந்து வீங்கும். பேச்சு வராது, எச்சில் வழியும். பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் தணிந்துவிடும். ஆனால் வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. வெள்ளைப் புள்ளி தெளித்த அகன்ற இலைகளோடு, பருத்த பச்சைத் தண்டில் நிற்கும் அந்தச் செடியைச் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் தரையில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முற்றத்துச் செடிகளில் சில இன்னும் கடுமையானவை. பூசைக்குப் பறிக்கும் மஞ்சள் அலரியின் விதை, இலை, பால் எல்லாவற்றிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. அலங்காரத்துக்காக இப்போது பலர் விரும்பி வாங்கும் அடீனியத்தின் பாலும் அதே வகை. கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதை உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வேலியோரக் காட்டாமணக்கின் கொட்டையைப் பிள்ளைகள் கச்சான்போல மென்றுவிட்டு வாந்தியும் வயிற்றோட்டமுமாக வைத்தியசாலைக்குப் போவது இலங்கையில் பழகிப்போன நிகழ்ச்சி. கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான ஒழுங்கைகளில் வாசற்படியிலேயே சாடிகளை வைக்கிறோம். அந்தப் படியில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். வீட்டில் குழந்தை இல்லை என்பது அங்கே போதுமான நியாயமாகாது.

இவற்றையெல்லாம் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. கோயிலுக்கு அலரி வேண்டும். அது மதிலுக்கு உட்புறம், பெரியவர் கண் படும் இடத்தில் நிற்கட்டும். படியிலும் பல்கனியிலும் செவ்வரத்தை, வெட்சி, மல்லிகை, துளசி, ரம்பை, கறிவேப்பிலை என்று வைக்க நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது.

பிள்ளை எதையாவது கடித்துவிட்டால் வாயில் மிஞ்சிய துண்டை வெளியே எடுத்து, வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள். சவர்க்கார நீரும் உப்புத் தண்ணீரும் பருக்கி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இன்னொரு ஆபத்தைக் கொண்டுவரும். கண்ணில் பால் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிய பிறகு வைத்தியரிடம் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்கலாம். இலக்கம் 011 2686143. மூச்சுத் திணறல், மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு என்றால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். அலரி, அடீனியம், கார்த்திகை என்றால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம். பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தூரமில்லை.

வைத்தியர் அங்கே கேட்கும் முதல் கேள்வி, பிள்ளை சாப்பிட்டது என்ன செடி என்பது. பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பதில் இருக்காது. "பச்சையாக, பெரிய இலையாக" என்று சொல்வோம். செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவது உதவும். ஆனால் வாங்கிய நாளிலேயே பெயரைக் கேட்டு வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தில் நேரம் வீணாகாது. தெருவோரத்திலும் முகநூலிலும் விற்கப்படும் கன்றுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. இருந்தாலும் விற்பவர் வைத்த செல்லப் பெயராக இருக்கும். தாவரவியல் பெயரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து, செடியின் தோற்றத்தை விவரித்து விசாரிக்கலாம். செடி வாடினால், நோய் வந்தால் கேட்பதற்கும் அதே இலக்கம்தான்.

வாங்குபவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சீமெந்துக்கும் பருப்புக்கும் மட்டும் உரியது என்று நினைக்கிறோம். வியாபாரமாகக் கன்று விற்பவரும் அச்சட்டத்தின்படி வியாபாரிதான். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். வாங்குபவரை ஏமாற்றும் விதத்தில் நடந்துகொள்வதை அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. இணையத்தில் நீல ரோஜா விதை என்று படம் போட்டு விற்பது இதற்கு நல்ல உதாரணம். இயற்கையில் நீல ரோஜா இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009இல் விற்பனைக்கு விட்ட பூவும் இளம் ஊதா நிறத்தில்தான் இருந்தது. ஒட்டுக்கன்று என்று சொல்லி விதைக்கன்றைத் தருவதும் ஏமாற்றுத்தான். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டும், விற்றவர் போட்ட விளம்பரத்தின் படமும், கன்றின் படமும் கையில் இருந்தால் முறைப்பாடு நிற்கும். சிறு தொகைக்கு இவ்வளவு அலைச்சலா என்று விட்டுவிடுவதால்தான் அந்த வியாபாரம் தொடர்கிறது.

பூச்சிமருந்தில் இன்னும் கவனம் வேண்டும். கடையில் பெரிய கலனிலிருந்து பழைய சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை ஒருபோதும் வாங்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்து, சுட்டியோடு கூடிய மூலக் கொள்கலனில்தான் விற்கப்பட வேண்டும். சுட்டி இல்லாத போத்தலைப் பிள்ளை எடுத்துக் குடித்தால் வைத்தியரிடம் சொல்ல மருந்துக்கும் பெயர் இருக்காது. அடைத்த பல்கனியில் எந்த நஞ்சையும் தெளிக்க வேண்டாம். இலையடியில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் மாவுப் பூச்சியை ஈரத்துணியால் துடைத்து, மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தெளித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்தப் பூச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. பப்பாளி மாவுப் பூச்சி என்ற வெளிநாட்டு இனம் 2008இல் கம்பஹா மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் செவ்வரத்தையிலும் அரலியா மரங்களிலும் வெள்ளை வெள்ளையாக ஏறியது. அதே ஆண்டில் கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. மருந்து அடித்துப் பயனில்லாமல், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் மிகச் சிறிய குளவியை 2009இல் வரவழைத்து விட்ட பிறகே இங்கே கட்டுக்குள் வந்தது. இப்படிப்பட்ட பூச்சிகள் நாடு விட்டு நாடு வருவதற்கு ஒரு கன்றும் அதன் வேர்மண்ணும் போதும். சென்னைக்குப் போய்த் திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பதியனைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆசை விளங்குகிறது, ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் அது குற்றம். உள்ளூரில் வாங்கிய கன்றையும் இரண்டு வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

எங்கே எதை வைப்பது என்பதில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒன்றல்ல. காலி வீதிக்குக் கடற்பக்கத்தில், மெரைன் டிரைவை நோக்கிய பல்கனிகளுக்கு மேற்கு வெயிலும் உப்புக்காற்றும் நேரே வரும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் மென்மையான இலைகளின் ஓரம் கருகுவது உரக் குறைவால் அல்ல, உப்பால். அங்கே போகன்வில்லா, நித்தியகல்யாணி, கற்றாழை தாக்குப்பிடிக்கும். மற்றவற்றின் இலையை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருங்கி நிற்பதால் குறை வெளிச்சம்தான். பூக்கும் செடி அங்கே ஏங்கிப்போகும். ரம்பையும் பன்னச்செடிகளும் நன்றாக வரும். எந்த இடமானாலும் விரலை மண்ணில் ஒரு அங்குலம் இறக்கிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். களிமண்ணை அப்படியே நிரப்பாமல் தும்புத்தூளும் கொம்போஸ்ட்டும் கலந்தால் நீரும் வடியும், பாரமும் குறையும்.

பாரம் தொடர்மாடியில் சிறிய விஷயமில்லை. நனைந்த மண் ஒரு கன மீற்றர் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். கைப்பிடிச் சுவரின்மேல் சாடி வைக்கவே வேண்டாம். காற்றில் விழுந்து கீழே போகிறவரைக் காயப்படுத்தினால் நட்டஈட்டு வழக்கு வரும். உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வரும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி மொட்டைமாடியும் படிக்கட்டும் நடைபாதையும் பொதுவாக எல்லோருக்கும் உரிய பொதுப் பகுதிகள். அங்கே சாடி வைக்க முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும். மேல்வீட்டுச் சாடி நீர் உங்கள் சுவரில் இறங்கினாலும் முதலில் அந்தக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தீராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. அயலவரோடு நேரும் சிறு பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுச் சாடிகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பெயர் தெரிந்தவற்றின் பெயரை அழியாத மையால் சாடியில் எழுதுங்கள். தெரியாதவற்றை விசாரித்து அறியும்வரை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மேலே சொன்ன நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கத்தையும் 1990ஐயும் வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியிலும், முக்கியமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவின் கைபேசியில், பதிந்து கொடுங்கள்.