பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் புதிய ஒளிபரப்பும்

தமிழகத்திற்கு அப்பால், தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், முதியோர் தமிழ்ச் செய்தி கேட்பதற்கும் குழந்தைகள் தமிழ் ஒலியைக் காதில் வாங்குவதற்கும் தொலைக்காட்சிப் பெட்டி துணைபுரிந்து வருகிறது. 'இந்தப் பழைய பெட்டி டிஜிட்டல் ஒளிபரப்பை ஏற்காது. புதிது வாங்குங்கள்' என்று கடைக்காரர் சொல்லும்பொழுது, அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் அதற்கு அவசியம் இராது என்பதே நமது கருத்து. காரணத்தைச் சற்று விளக்குவோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-இல் வந்தது. அன்றைய முறைக்கு அனலாக் முறை என்று பெயர். ஒளியும் ஒலியும் ஏறி இறங்குவதற்கேற்ப மின்னலையும் இடைவிடாது மாறிக்கொண்டே வரும். டிஜிட்டல் முறையிலோ, படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கி அனுப்பப்படுகின்றன. தந்தி அலுவலகத்திற்கு வந்த 'கட்டு கடா' ஒலியைக் குறியீடு அறிந்த குமாஸ்தா எழுத்தாக்கித் தந்தார் அன்றோ? அவ்வாறே இந்த எண்களைப் படமாக்கித் தருவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் பெட்டிக்கு உள்ளே இருக்கலாம். வெளியே தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். வெளியே இருப்பவரையே நாம் 'செட்-டாப் பாக்ஸ்' என்கிறோம்.

2011-இல் திருத்தப்பட்ட கேபிள் சட்டத்தின்படி, 2012 முதல் 2017 வரை நான்கு கட்டங்களில் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறிற்று. தூர்தர்ஷனின் பழைய தரைவழி அனலாக் நிலையங்களும், ஒரு சில இடங்கள் நீங்கலாக, 2022-க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆகவே மாடியில் நிற்கும் பழைய ஏரியலைத் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. ஆராய வேண்டியவை இரண்டே.

முதலாவது: மொழிபெயர்ப்பாளர் உள்ளேயே இருக்கிறாரா? பெட்டியின் பின்புறத் தகட்டையோ விளக்கக் கையேட்டையோ பாருங்கள். 'டி.வி.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின் 'எஸ்' அல்லது 'எஸ்2' இருந்தால் செயற்கைக்கோள் ஒளிபரப்பையும், 'சி' இருந்தால் கேபிளையும், 'டி' அல்லது 'டி2' இருந்தால் தரைவழி ஒளிபரப்பையும் ஏற்கும். தூர்தர்ஷன் 2016-இல் பதினாறு நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 'டி2' வகையைச் சேர்ந்தது. வெறும் 'டி' என்றிருக்கும் பெட்டி அதை ஏற்காது. 'பால்' என்ற குறி மட்டும் இருந்தால் அது அனலாக் பெட்டியே. தட்டையான திரை என்பதாலோ, 'எச்.டி. ரெடி' என்று எழுதியிருப்பதாலோ டிஜிட்டல் அலையை வாங்கும் என்று எண்ணிவிடலாகாது. அவை திரையின் தன்மையை மட்டுமே குறிப்பவை.

இரண்டாவது: உள்ளே இல்லையெனில், வெளிப்பெட்டியை இணைக்க வழி உண்டா? தட்டையான எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் கவலையில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் இருந்தாலும் போதும், முன்பு வி.சி.டி. கருவியை அத்துளைகளில் இணைத்துப் படம் பார்த்த பெட்டி, செட்-டாப் பாக்ஸையும் ஏற்கும். ஏரியல் துளை ஒன்றே உள்ள மிகப் பழைய பெட்டிக்கு 'ஆர்.எஃப். மாடுலேட்டர்' என்னும் சிறு கருவி இடையில் வேண்டும். புதிய செட்-டாப் பாக்ஸ் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருப்பதால், உங்கள் பெட்டியின் துளைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

மாதக் கட்டணம் கொடுக்க இயலாதோருக்குத் தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவை உண்டு. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்குத் தட்டும் பெட்டியும் வாங்கும் செலவு மட்டுமே. 2024 ஜனவரி முதல் 'டிடி தமிழ்' என வழங்கும் பழைய பொதிகையும் இதில் கிடைக்கிறது. பெட்டி வாங்கும்பொழுது 'எம்பெக்-4' வகையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய 'எம்பெக்-2' பெட்டி எல்லா அலைவரிசைகளையும் காட்டாது. இச்சேவையைத் தாங்கும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. ஆதலால் பம்பாயில் தட்டு தென்கிழக்கையும், தில்லியில் தெற்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசையையும், கல்கத்தாவில் ஏறக்குறையத் தெற்கையும் நோக்க வேண்டும். வாடகை வீடு பார்க்கையில் அத்திசையில் வானம் மறைவின்றித் தெரிகிறதா என்றும் கவனிப்பது நன்று. தனியார் கட்டண அலைவரிசைகள் பூட்டி அனுப்பப்படுபவை; அவற்றிற்கு அந்தந்த நிறுவனத்தின் பெட்டியும் சந்தாவும் தேவை.

பழைய குழாய்த் திரையில் படத்தின் மேலும் கீழும் கரும்பட்டை தோன்றினால் அது பழுதன்று. இன்றைய படத்தின் அகலம் 16-க்கு 9. பழைய திரையோ 4-க்கு 3. செட்-டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் இதை ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் குழாய்த் திரைப் பெட்டியின் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். மின்இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் பெட்டி பயன்படாதெனில், அதைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பது கடமை. குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. திரை தெளிவாகவும் ஒலி நன்றாகவும் இருக்கும் பெட்டிக்கோ புதியதொரு துணைப்பெட்டி போதும். மிச்சமாகும் பணம் சிறு குடும்பத்திற்குப் பெரிதே. தாத்தா பாட்டி கேட்கும் தமிழ்ச் செய்தியும் தடைப்படாது.