ஆடியில் தொடங்கும் தோட்டம்

வன்னியில் வீட்டுத்தோட்டம் என்றால் முதல் மழை விழுந்த பின் விதை வாங்கி ஊன்றுவதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மழையோடு தொடங்குபவர் ஏற்கெனவே மூன்று மாதம் பிந்திவிட்டார் என்பதே என் எண்ணம். இரசாயன உரம் இடுபவருக்கு இந்தப் பிந்தல் பெரிதல்ல. கடைக்குப் போய் ஒரு பையை வாங்கி வந்துவிடலாம். சேதனப் பசளையில் பயிர் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பசளை அவருடைய வளவிலேயே உருவாகவேண்டும், அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். ஒக்டோபர் மழைக்குப் பசளை தேவையென்றால் ஆடி மாதமே குழி வெட்டவேண்டும்.

இந்தக் கணக்கை நம் நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலின் மூலம் தடைசெய்யப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதில் எங்கே பிசகியது என்று எனக்கு விளங்கிற்று. யூரியாவில் நைதரசன் 46 வீதம். நன்றாக உக்கிய கூட்டெருவில் அது 1 வீதம் அளவில்தான் இருக்கும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு இரண்டு அந்தர், அதாவது 100 கிலோ யூரியா இடுகிறோம் என்று கொண்டால், அதிலுள்ள 46 கிலோ நைதரசனைக் கூட்டெருவால் ஈடுசெய்ய 4,600 கிலோ வேண்டும். ஒரு ஏக்கருக்கே நாலரைத் தொன்னுக்கு மேல்! அதை ஒரு போகத்துக்குள் எந்த விவசாயியால் தேட முடியும்?

அதே கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு இரண்டரைக் கிலோ கூட்டெரு போதும். 20 சதுர மீற்றர் தோட்டத்துக்கு 50 கிலோ. ஒரு மீற்றர் நீள, அகல, உயரமுள்ள ஒரு குவியலே இதைவிடப் பல மடங்கு தரும். வயலில் உடனடியாகச் சாத்தியமாகாத சேதனப் பயிர்ச்செய்கை, கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையில் எளிதாகச் சாத்தியமாகிறது.

நம் பகுதியின் செங்கபில மண் ஒரு விசித்திரமான மண். காய்ந்தால் மண்வெட்டி துள்ளும், நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் வேலை செய்யக் கிடைப்பது சில நாட்களே. சேதனப் பொருள் சேரச் சேர அந்த நாட்கள் கூடும். முல்லைத்தீவுக் கரையோர மணலின் குறை வேறு. அங்கே ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அதற்கும் மருந்து உக்கிய குப்பைதான். ஆகவே கூட்டெருவைப் பயிருக்கான உணவு என்று மட்டும் பார்க்காமல், மண்ணைத் திருத்தும் பொருளாகவும் பார்க்கவேண்டும்.

கூட்டெருவுக்குக் கோடையில் குழியும் மாரியில் குவியலும் ஏற்றவை. கோடையில் நிலத்துக்கு மேலே குவித்தால் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், மாரியில் குழி வெட்டினால் அது குளமாகிவிடும். நிழலான இடத்தில் ஒரு மீற்றர் அகலத்தில் குழி எடுத்து, காய்ந்த பொருள் இரண்டு பங்கு, பச்சைப் பொருள் ஒரு பங்கு என்று அடுக்கவேண்டும். காய்ந்தது என்றால் வைக்கோல், சருகு, தும்பு. பச்சை என்றால் மரக்கறிக் கழிவு, புல், வேலியில் நிற்கும் கிளிசரியாவின் இலை. கிளிசரியா அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, நைதரசன் நிறைந்தது. வேலிக்குக் கதியால் போடும்போதே நாம் பசளைக்கும் வழிசெய்துவிடுகிறோம். அடுக்குகளுக்கு இடையே மாட்டெருவைக் கரைத்துத் தெளித்தால் உக்குதல் விரைவாகும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியுமளவு ஈரம் போதும். ஒரு வாரத்துக்குள் உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். ஒரு தடியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தால் தெரியும். அந்தச் சூடுதான் களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் கொல்கிறது. சூடேறவில்லையென்றால் பச்சைப் பொருளோ ஈரமோ போதவில்லை. துர்நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றில்லை. இரண்டு வாரத்துக்கொரு தடவை புரட்டிப் போடுங்கள். கறுத்து, உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் அது தயார்.

நம் வீடுகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இப்போதைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. உழ்ஹிய்யா கொடுத்த மாட்டின் இரைப்பையிலிருந்து வெளியேறும் அரைகுறையாகச் செரித்த புல், நுண்ணங்கிகள் நிறைந்த முதல்தரமான பொருள். அதைத் திறந்த வெளியில் போட்டு நாயும் காகமும் இழுக்க விடாமல், குழியில் வைக்கோலுக்கு நடுவே புதைத்தால் அயலவருக்குத் தொல்லையில்லை, குழியும் வேகமாகச் சூடேறும். கொழுப்பு, இறைச்சித் துண்டு எதுவும் அதோடு சேரக்கூடாது.

குழி வெட்டுவதைப் பற்றி ஒரு சொல். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் நீண்டகாலம் கைவிடப்பட்டிருந்த காணிகளில் வேலை செய்பவர்கள் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்பதை உறுதிசெய்த பிறகே மண்வெட்டியை எடுக்கவேண்டும். இனந்தெரியாத இரும்புப் பொருள் எது தட்டுப்பட்டாலும் தொடாமல் விலகி, 119 இலக்கத்துக்கு அழைத்துப் பொலிசாருக்கு அறிவியுங்கள். தோட்டக்கலைப் புத்தகங்களில் இது இராது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் விடமுடியாது.

அடுத்தது தண்ணீர். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டிவிடும், பிறகு கிணறுதான். மாரியில் வேர் அழுகாதிருக்க மேட்டுப்பாத்தி, கோடையில் ஊற்றிய நீர் ஓடிவிடாதிருக்கத் தாழ்பாத்தி. கோடையில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வேண்டும் என்று கொள்ளலாம். இங்கேதான் நம் வீடுகளில் வீணாகும் நீர் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு வுழூவுக்குச் சிக்கனமாக 2 லீற்றர் செலவானாலும், ஐந்து பேருள்ள வீட்டில் ஐந்து வேளைக்கும் 50 லீற்றர். சவர்க்காரம் கலக்காத சுத்தமான நீர். பத்துச் சதுர மீற்றர் பாத்திக்கு அது போதும். எங்கள் வீட்டில் வுழூ செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறிய வாய்க்கால் நேரே கீரைப்பாத்திக்குப் போகிறது. பொன்னாங்காணியும் வல்லாரையும் பங்குனிச் சித்திரை வெயிலிலும் அங்கே பச்சையாகவே நிற்கின்றன. உடுப்புத் தோய்த்த நீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்கு விடுங்கள். மண்ணை வைக்கோலால் மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. செடியின் தண்டில் முட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் கறையான் வரும்.

மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் செப்டெம்பரில் நாற்றுமேடையில் இட்டால் மழையோடு நடலாம். வெண்டி, பயற்றை, பூசணி, பாகல் ஆகியவற்றை நேரே ஊன்றலாம். விதை வாங்கும்போது விவசாயத் திணைக்களத்தின் இனங்களைக் கேட்டு வாங்குங்கள். எம்.ஐ. 2 என்ற மிளகாயின் பெயரிலுள்ள எழுத்துகள் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை. அதுவும் நம்மைப் போன்ற உலர் வலயம்தான்.

எதை நடுவது என்பதில் என் விருப்பம் கீரைக்கே முதலிடம் கொடுக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். அப்போது மீனும் இறைச்சியும் பல வீடுகளில் குறைந்துபோயின. எங்கள் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரும்புச்சத்து இழப்பு உண்டு. வகுப்பில் தலைசுற்றல், களைப்பு என்று மேசையில் சாய்ந்து கிடக்கும் தோழிகளைப் பார்க்கிறோம். முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி இவற்றிலெல்லாம் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. சுண்டலை இறக்கிய பின் தேசிப்புளி விட்டால் அதிலுள்ள விற்றமின் சி அந்த உறிஞ்சலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். பெற்றோர் தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால் நன்று. ஆகவே கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் ஒரு தேசிமரமும் வேண்டும்.

மரங்களைப் பற்றி உம்மம்மா சொல்வது வேறு மாதிரி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றிலிருந்து போனவர்களில் அவரும் ஒருவர். புத்தளத்தில் முகாமாக இருந்த காலத்தில், தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் காசு கொடுத்ததுதான் முதலில் மனதை வருத்தியதாம். 2009க்குப் பின் திரும்பியவர்கள் கண்டது காடு மூடிய வளவுகளை. அவர்களின் தமிழ் அயலவர்களும் இடம்பெயர்ந்து திரும்பி அதே காட்டைத்தான் வெட்டினார்கள். முதலில் எல்லாரும் நட்டவை முருங்கைத் தடி, மரவள்ளி, பப்பாசி. ஒரு வருடத்துக்குள் அடுப்புக்கு வருபவை இவையே. தென்னையும் மாவும் காய்க்கும்வரை இருப்போமா என்று யோசித்துத்தான் நட்டோம் என்பார்.

பீடைகளுக்கு வேம்பு போதும். ஆடி ஆவணியில் உதிரும் வேப்பம்பழத்தின் விதையை நிழலில் உலர்த்தி வையுங்கள். 50 கிராம் விதையை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கவேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும். புகையிலைச் சாறு நல்லதென்று சிலர் சொல்வார்கள். அது தாவரத்திலிருந்து வந்தாலும் கடும் நஞ்சு, பிள்ளைகளுள்ள வீட்டில் வேண்டாம். மாரி இரவுகளில் நத்தையைக் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சிரட்டையிலும் தகரத்திலும் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்கு நுளம்புக்கும் சேர்த்துத் தோட்டம் செய்தவராவோம்.

குரங்குக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. மயில் தக்காளியையும் மிளகாய்ப் பழத்தையும் கொத்தும், அதற்குப் பழைய வலை உதவும். குரங்கு வலையையும் சேர்த்துக் கழற்றிவிடும். அது அதிகம் சீண்டாத பாகல், கறிவேப்பிலை, வல்லாரை ஆகியவற்றை வெளிப்பக்கமும் மற்றவற்றைச் சமையலறை யன்னலுக்கு நேரேயும் வைத்திருக்கிறோம். யானை வரும் கிராமங்களில் வாழையை வீட்டோடு ஒட்டி வைக்காதிருப்பது உயிருக்கே பாதுகாப்பு.

தை மாசியில் அறுவடை முடியும்போது நல்ல செடியொன்றில் இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். பயற்றையும் வெண்டியும் செடியிலேயே காயட்டும், கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். விதைப் பையில் கலப்பினம் என்று எழுதியிருந்தால் அந்த விதையைச் சேமிப்பதில் பயனில்லை, பிள்ளைச்செடி தாய்ச்செடியைப் போல வராது. உலர்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்து, பெயரையும் மாதத்தையும் மேலே எழுதி வையுங்கள். ஆவணியில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் புதுவிதை வாங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.