வெடித்த குக்கரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

குக்கர் மூடி பறந்து, கொதிக்கும் பருப்பு கையிலும் கழுத்திலும் தெறித்துவிட்டது என்று வையுங்கள். கடைக்காரர் நல்லவர். "பழசைக் கொடுங்கம்மா, புதுசு தந்துடறோம்" என்பார். நம்மவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். குக்கருக்குக் குக்கர் சரியாகப் போயிற்று; வெந்த கைக்கு யார் பதில் சொல்வது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ கோளாறு இருந்தது, அல்லது எச்சரிக்கை எதுவும் சொல்லாமல் விற்றார்கள், அதனால்தான் காயம்பட்டது என்று காட்டினால் போதும், தயாரித்தவர் இழப்பீடு தர வேண்டும். தொழிற்சாலையில் யார் அசட்டையாக இருந்தார் என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த இடம் இது.

கடைக்காரர் எல்லா நேரமும் மாட்டமாட்டார். பொருளை அவரே மாற்றியமைத்திருந்தால், தானாக உத்தரவாதம் கொடுத்திருந்தால், தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் அவரும் பொறுப்பு. பேர் ஊர் தெரியாத சரக்கை விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்த மூடியைப் பாருங்கள். வெயிட்டுக்குச் சற்றுத் தள்ளி, பொத்தான் மாதிரி இருப்பது சேஃப்டி வால்வ். சூடு எல்லை மீறினால் அதிலுள்ள உலோகம் உருகி ஆவியை வெளியே விடவேண்டும். உருகாமலே மூடி பறந்திருந்தால், அந்த வால்வே பெரிய சாட்சி. நீங்கள் வழக்குக் கொடுக்கும் நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியும். குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எதை அனுப்புவது? அதே வால்வ், பஜாரில் மலிவாக வாங்கி மாட்டிய டூப்ளிகேட்டாக இருந்தால் கதை தலைகீழ். பொருளை மாற்றிவிட்டார்கள், எங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லும். சட்டமும் அதற்கு இடம் தருகிறது.

குக்கர் விலைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. உங்கள் ஊரிலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கெடு 2 வருஷம்.

காயத்துக்கு முதலில் வைத்தியம் பாருங்கள். பிறகு படம் எடுத்து, பில்லையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் சேர்த்து வைத்து, குக்கரைக் கழுவாமல் அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். விவரம் கேட்க 1915 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.